உட்கார்ந்து கேட்டவளுக்கு

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் நம் வடைக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்களை இழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் நீ இப்போது இல்லை என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "சாரிக்கா" என்றார். "பரவாயில்ல அண்ணே, இருக்கட்டும்" என்று ஒன்றில் உட்கார்ந்தேன். எதிரே உன் ஸ்டூல்.

ஒரு ஸ்டூலை வைத்துக்கொண்டு நீ செய்த அமர்க்களம் கொஞ்சமா?

ராணுவ மருத்துவமனையில் இளம் தாதிகளாக ஒரே வார்டில் சேர்ந்தோம். நாம் தோளில் ரேங்க் பட்டையோடு கட்டிலருகே நின்று "வலி இருக்கா?" என்று கேட்டால், கால் முறிந்து கிடக்கிற சிப்பாய்கூட படுத்தபடியே விறைத்துக்கொண்டு "பாய்க், புவான்!" என்பான். அதிகாரி கேட்டால் மலாயில் ‘நலம், மேடம்’ என்று சொல்லியே பழகிய வாய். அப்படி நலம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவனுக்கு உள்ளே புண் சீழ்பிடித்து, அவசரமாக அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டான். நீதான் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மறுநாள் கேன்டீனிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் வந்தாய். "நின்னு கேட்டா ஆபிசருக்குப் பதில் சொல்றான். உட்காந்து கேட்டா நமக்குச் சொல்றான்லா" என்றாய். எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் ராணுவத்தை விட்டு, கிள்ளானில் டயாலிசிஸ் மையம் ஒன்றில் சேர்ந்தேன். நீ மேஜரானாய், கர்னலானாய், தாதியர் அனைவருக்கும் தலைவியானாய். ஆனாலும் ஸ்டூலை விடவில்லை. நின்று கேட்டால் வரும் பதிலும் உட்கார்ந்து கேட்டால் வரும் பதிலும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று வார்டு வார்டாக ஆராய்ச்சி செய்தாய். சுகாதாரக் கொள்கை வகுக்கும் குழுவில் உன்னைச் சேர்த்தபோது, ஒவ்வொரு கட்டிலருகிலும் தாதிக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று போய் நின்றாய். "நாற்காலிக்கெல்லாமா கொள்கை?" என்று ஒருவர் சிரித்தாராம். இதே கடையில் ஆறிப்போன தே தாரிக் டீயை முன்னால் வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளினாய். "சிரிக்கட்டும்டி. சிரிச்சு முடிச்சதும் திரும்பவும் சொல்லுவேன்."

சொன்னாய். கடைசியில் அந்த ஒரு வரி கொள்கையில் ஏறியது. அன்றைக்கு நீ சாப்பிட்ட வடைக்குக் கணக்கே இல்லை.

அப்புறம் நீயே கட்டிலில் விழுந்தாய். தினமும் சாயந்திரம் கிள்ளானிலிருந்து ரயிலேறி வருவேன். ஒருநாள் வார்டு வாசலில் நின்றபடியே "எப்படிடி இருக்கே?" என்றேன். "நல்லாத்தான் இருக்கேன்லா. போ, ரயில் போயிடப் போகுது" என்றாய். நானும் கிளம்பத்தான் திரும்பினேன். அப்போதுதான் உன் கட்டிலருகே இருந்த நாற்காலி கண்ணில் பட்டது. திரும்பி வந்து அதில் உட்கார்ந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுடி. ரொம்பப் பயமா இருக்கு" என்றாய்.

பாவி, நீயுமா பாய்க், புவான்?

டாக்டரைக் கூப்பிட்டு மருந்தை மாற்றச் சொன்னேன். அதற்கப்புறம் நீ தூங்கிய தூக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரயிலைத் தவறவிட்டேன். அதில் எனக்கு இன்னும் சந்தோஷம்தான்.

இப்போது மையத்தில் நான் உட்காராமல் யாரையும் எதுவும் கேட்பதில்லை. "அக்காவுக்கு முன்னாடி ஸ்டூல் வரும்" என்று சின்னப் பெண்கள் கேலி செய்கிறார்கள். என்னைத்தான் எல்லாரும் நின்றுகொண்டு கேட்கிறார்கள். மகன் காரிலிருந்து இறங்காமலே கேட்பான், பக்கத்து வீட்டார் வாசல்கதவுக்கு வெளியிலிருந்தே கேட்பார்கள். எல்லாருக்கும் நல்லா இருக்கேன் என்றே சொல்லி வந்தேன்.

இன்று கூட்டம் குறைந்ததும் கடைக்கார அண்ணன் தோளில் துண்டோடு வந்தார். உன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எப்படிக்கா இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இல்ல அண்ணே" என்றேன்.

அவர் எழுந்து போகவில்லை.