ஆறு மணி வகுப்பும் நிரோஷாவின் நூலும்

ஜனவரி 20, செவ்வாய்

கடும் பனி. வகுப்பறைப் பூட்டு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. விறைத்த விரல்களில் சாவி நிற்கவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் காலை ஆறு மணி வகுப்பு. விடியுமுன் இலக்கணம். பாதிப் பேருக்குக் கொட்டாவி, எனக்கும்.

வாங்க வேண்டியவை: கரும்பலகைக்கு வெண்கட்டி, டோர்ச் பட்டரி, இருமல் மருந்து.

மாலை வகுப்பில் நிரோஷா கணிதத் தாளின் மேலேயே தூங்கிவிட்டாள். ஒன்பது பாடத்திலும் ஏ எடுப்பாள் என்று பாடசாலையே நம்பியிருக்கும் பிள்ளை. எழுப்பியதும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அழுதாள். பாடசாலை அதிபர் வராந்தாவில் நின்று, "பரீட்சைய முடிச்சிட்டு காலம் முழுக்கத் தூங்கலாம் மகள்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் சிரமம்.

நூலக மூலையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். அம்மா விடியுமுன் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவேண்டும் என்பதால் சமையல் இவள். பிறகு என் வகுப்பு, பாடசாலை, மாலை வகுப்பு, வீட்டில் பழைய வினாத்தாள்கள்.

"எப்பம்மா தூங்குற?"

"பஸ்ஸுல டீச்சர். நின்னுக்கிட்டே."

சிரித்தாள். கொஞ்சம் கழித்து, "எழும்பவே வேணாம்னு இருக்கு டீச்சர்."

சாக வேண்டும் போலவா என்று நேராகவே கேட்டேன். யோசித்தாள். "இல்ல டீச்சர். சும்மா படுத்துக் கெடக்கணும். யாரும் கூப்பிடக் கூடாது."

யோசித்துச் சொன்னாளே, அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 21, புதன்

நி. வரவில்லை. பாடசாலை விட்டதும் அவள் வீடு இருக்கும் தோட்டத்து மேல் டிவிசனுக்கு ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை. களைப்பைப் பற்றி, இளம் மனதைப் பற்றி, படித்ததையெல்லாம் எளிய வார்த்தைகளில் அடுக்கிக்கொண்டே போனேன்.

லயத்து வரிசையில் அவர்கள் வீட்டு வாசலிலேயே அவள் அம்மா உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா டீச்சர். புள்ளைக்குக் காத்து பட்டிருக்கு. ராத்திரி எழும்பி ஒக்காந்து செவத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

கோயில் பூசாரி பார்வை பார்த்து நூல் கட்டியிருக்கிறார். மூன்று நாளைக்கு வாசல் தாண்டக் கூடாது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது. புத்தகம் தொடக் கூடாது. தூங்கினால் யாரும் எழுப்பக் கூடாது.

ஒத்திகை பார்த்த பேச்சை விழுங்கிவிட்டேன்.

எட்டிப் பார்த்தேன். பட்டப்பகலில், வாய் திறந்தபடி, சுவரோரம் சுருண்டு தூங்குகிறாள். மணிக்கட்டில் கறுப்பு நூல். பக்கத்து வீட்டுக் காம்பராவில் ரேடியோவை நிறுத்தியிருக்கிறார்கள். வெளியே ஒரு பெண் கிரிக்கெட் பையன்களை விரட்டுகிறார்: "அங்கிட்டுப் போங்கடா, புள்ள தூங்குது."

ஒரு லயமே ஒரு பிள்ளையின் தூக்கத்துக்குக் காவல். நான் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. பேய் கேட்டது, கிடைத்தது.

"நூலும் இருக்கட்டும்மா. சனிக்கிழமை டாக்டர்கிட்டயும் காட்டுவோம். நானும் வாறேன்."

"பைத்தியம்னு எழுதிருவாங்களா டீச்சர்?"

"எழுத மாட்டாங்க."

ஜனவரி 22, வியாழன்

வெயில், சூடில்லாத வெயில். ஆசிரியர் அறையில் அதிபர்: "பூசாரியா வந்து பரீட்சை எழுதப் போறாரு?"

விஞ்ஞானம் படிப்பிக்கும் மேரி டீச்சர்: "எனக்கும் ஒரு பேய் பிடிச்சா நல்லாயிருக்கும் சார். மூணு நாளு போதும்."

சிரித்தோம்.

என் தலைமாட்டில் இருக்கும் நாவலில் ஒரு மாதமாக அதே பக்கம்.

ஜனவரி 24, சனி

ஆஸ்பத்திரி. நீண்ட வரிசை. டாக்டரம்மா இளம் வயது, அவசரப்படவில்லை. நி.யுடன் தனியாகப் பேசினார். தூக்கம் குறையக் கூடாது, மறுபடி வந்து பேச வேண்டும் என்றார். நூலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்து மூவரும் ரோல்ஸ் சாப்பிட்டோம். நி. என்னுடையதில் பாதியையும் சாப்பிட்டாள். பஸ்ஸில் என் காதோரம் கேட்டாள்: "நூலு இருக்குற வரைக்கும்தான டீச்சர் தூங்க விடுவாங்க?"

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜனவரி 26, திங்கள்

மறுபடியும் பனி. ஆறு மணி வகுப்பு. நி. இல்லை, நான்தான் வர வேண்டாம் என்றிருந்தேன். சமையல் இப்போது அப்பாவாம்.

வெண்கட்டி எடுத்துத் திரும்பினால், முன் வரிசையில் ஒரு மணிக்கட்டில் நூல். அடுத்ததிலும். பின்வரிசைப் பையன்கள் இரண்டு பேருக்கும். ஒன்று பேக்கரிப் பார்சல் கட்டும் நூல், அதில் சீனி ஒட்டியிருந்தது.

"யாரு கட்டுனது?"

கடைசியில் ஒருத்தி: "நாங்களேதான் டீச்சர். ஒருத்தருக்கொருத்தர்."

யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குக் கட்டியிருந்தால் சிரித்திருப்பார்கள். மேசையில் தலை வைத்துப் படுக்கச் சொன்னேன். நம்பாமல் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. மணி அடிக்கும் வரை மூச்சுச் சத்தம் மட்டும்.

நி. முதல் பாடத்துக்கு வந்தாள், தலை வாரி, பூ வைத்து.

இடைவேளையில் அதிபரிடம் போனேன். நாளையிலிருந்து ஆறு மணி வகுப்பைத் திறக்க மாட்டேன் என்றேன்.

"மேல கேப்பாங்க டீச்சர். நான் என்னத்தச் சொல்றது?"

"டீச்சருக்குக் காத்து பட்டிருச்சுன்னு சொல்லுங்க சார்."

சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவரும் தூங்கி நாளாகியிருக்கும்.

"அப்ப சாவிய வச்சிட்டுப் போங்க. வேற யாராவது தொறக்கட்டும்."

வைக்கவில்லை. கைப்பையில் இருக்கிறது, இன்னும் சில்லென்று. நாளைக் காலை அலாரத்தை நிறுத்திவிட்டேன்.