சும்மாக் கட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்

செண்பகம் அக்காவுக்கு, எந்நேரமும் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தவளுக்கு,

புரட்டாசி மூன்றாவது ஞாயிறு, காலை ஆறு மணி பத்து நிமிடம். கட்டங்கள் மொத்தம் பதினாறு. கெட்டது ஒன்று.

கெடுத்தது ஆடு இல்லை. நீ பயந்த காட்டுப்பன்றியும் இல்லை. நம் அப்பா.

நீ இருந்திருந்தால் குடையை வீசி எறிந்துவிட்டு மண்ணில் உட்கார்ந்திருப்பாய். நானும் அதைத்தான் செய்தேன், குடைதான் இல்லை.

நீ போன பிறகு உன் ஆராய்ச்சியை யார் முடிப்பது என்று கேள்வி வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். உனக்கு அந்த மூடி போட்ட டப்பாவையும் அதற்குள் காற்றில் கார்பன் எவ்வளவு என்று சொல்லும் மீட்டரையும் செய்து கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். இப்போது வாராவாரம் ஆலங்குளம் சாலையில் பைக்கை ஓட்டிக்கொண்டு நம் செவக்காட்டுக்குப் போகிறேன். அப்பா உழுவதை விட்ட பிறகு புல் மட்டும் முளைத்துக் கிடக்கும் அதே செம்மண் காடு. ஊரே தரிசு என்கிறது. டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "புல்லு வளருததுக்கு எதுக்குத் தம்பி மீட்டரு?"

பதில் சொல்லிப் பார்த்தேன். புல் காற்றிலிருந்து கார்பனை இழுத்து வேருக்கு அனுப்புகிறது, மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைத் தின்றுவிட்டு மூச்சாக வெளியே விடுகின்றன, வெயிலில் மண் காய்ந்தால் அவை முடங்கிக் கிடக்கும், தண்ணீர் பட்டதும் ஒரேயடியாக எழுந்து மூச்சு விடும், பிறகுதான் புல் மெல்லத் துளிர்த்துக் கார்பனை இழுக்கத் தொடங்கும், அதுவும் மண்ணில் சத்து இருக்கிறவரைக்கும்தான் என்று. கடைசியில் மண்ணுக்கு லாபமா நட்டமா என்பதுதான் எங்கள் கேள்வி என்றேன். அவர் வடையைப் பிய்த்துக்கொண்டே, "சரி, லாபமா?" என்றார். தெரியாது என்றேன். மூன்று வருஷமாகப் பார்த்துமா தெரியாது என்று அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

நீ கயிறு கட்டிப் பிரித்த பதினாறில் நான்கு கட்டத்துக்குத் தண்ணீர். நான்குக்கு யூரியா. நான்குக்கு இரண்டும். மிச்சம் நான்குக்கு எதுவும் இல்லை. அவற்றில்தான் நீ 'சும்மா' என்று தகட்டில் எழுதி ஆணியோடு அடித்தாய். அந்தச் சும்மாக் கட்டங்கள் இல்லாவிட்டால் மற்றதையெல்லாம் எதோடு ஒப்பிடுவது? உன் பெயரில் வரவேண்டிய கட்டுரையே அந்த நான்கின் மேல்தான் நிற்கிறது.

ஆடி கழிந்ததிலிருந்து வேப்பமரத்துப் பக்கம் இருக்கும் சும்மாக் கட்டம் மட்டும் துள்ளியது. மேலே தொட்டால் காய்ந்த மண், ஆனால் மீட்டர் ஏறுகிறது. முதலில் பேட்டரியை மாற்றினேன். பிறகு சென்சார்மேல் சந்தேகப்பட்டு மொத்தத்தையும் கழற்றினேன். மூன்று ஞாயிறு வீணாய்ப் போனது. உன் கைடு போனில், "நீ டப்பாவச் சரியா மூடிருக்க மாட்ட" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். குற்றாலத்தில் சாரல் முடிகிறவரை கூட்டம் தாங்கவில்லை, ஐந்தருவியில் நிற்க இடமில்லை, அவ்வளவு தண்ணீர் அங்கே கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு சொட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நான் காட்டோரக் காற்றாலைக்கு அடியில் ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தேன்.

வழக்கமாக நான் பத்து மணிக்குத்தான் போவேன். இன்று வெயிலுக்கு முன்னால் போவோம் என்று விடியும்போதே போனேன். வேப்பமரத்தடியில் அப்பாவின் டிவிஎஸ். பின்னால் கட்டியிருந்த கேனை அவிழ்த்து அவர் நிதானமாக ஊற்றிக்கொண்டிருக்கிறார். வயலில் நாற்றுக்கு ஊற்றுவாரே, அந்த மாதிரி விரலை வைத்துச் சிதறவிட்டு.

"யப்பா! என்ன செய்யுதீய?"

"ஏலே, எதுக்குக் கத்துத? மத்ததுக்கெல்லாம் ஏதாச்சும் ஒண்ணு குடுக்க. இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சி?"

"அது சும்மாப்பா. ஒண்ணுமே குடுக்கக் கூடாது. யூரியாவும் போட்டீயளா?"

"ஒரு கைப்பிடி."

"கைப்பிடின்னா எத்தனை கிராம்?"

"கைப்பிடின்னா கைப்பிடிதாம்ல. நான் என்ன நகைக்கடையா வச்சிருக்கேன்?"

எனக்கு வந்த கோபத்தில் ஆணியைப் பிடுங்கி எறியத்தான் போனேன். "ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு அக்காதாம்ப்பா எழுதி வச்சிருக்கா" என்றேன்.

அவர் கேனை நிமிர்த்திப் பிடித்தார். "அவளுக்கும் அப்படித்தானல சொன்னாவ. தண்ணி தண்ணின்னு கேட்டா. ஒரு சொட்டு வாயில விடக் கூடாதுன்னுட்டாவ."

அக்கா, தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது சரி. குடலில் ஓட்டை இருக்கும்போது வாயால் கொடுக்க முடியாது, எனக்கும் புரியும், உனக்கும் புரிந்துதான் இருந்தது. சும்மாக் கட்டத்துக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்பதும் சரி. இரண்டு இடத்திலும் சரியானதைத்தான் சொன்னார்கள். இதை அவரிடம் எந்த வாயால் விளக்குவது? நீயாவது ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். டப்பாவை எடுத்து ஈரத்தின் மேல் கவிழ்த்தேன். இருவரும் குனிந்து பார்த்தோம்.

"ஏறுதுல்லா?"

"மண்ணு மூச்சு விடுதுப்பா."

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"தெரியாது. அக்காவும் அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தா."

அவர் நம்பர் நிற்கிறவரை குத்தவைத்தபடியே இருந்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது, "அவ மூணு வருஷமா இதையால பாத்துக்கிட்டு இருந்தா?" என்றார். நீ அவரிடம் ஒருநாள்கூட இதைக் காட்டவில்லையா?

கைடு இந்த வருஷத்தோடு மூட்டை கட்டச் சொல்கிறார். மாட்டேன். ஐப்பசியில் முதல் மழை விழும் அந்த ஒரு மணி நேரத்தை நீ மூன்று வருஷமும் கோட்டைவிட்டாய். பஸ் கிடைக்கவில்லை, பேட்டரி இல்லை, காய்ச்சல். இந்தத் தடவை விடுகிறதாக இல்லை. இனி செய்யப் போவது இது:

1. கைடுக்கு இன்றே போன். கட்டம் கெட்டது, கெடுத்தது யார், எதனால், எல்லாம் சொல்வேன். சும்மாவில் மூன்றுதான் மிச்சம் என்று கத்துவார். கத்தட்டும், கணக்கு மூன்றை வைத்துத்தான்.

2. யூரியா வாளிக்குப் பூட்டு. சாவி என்னிடம். இதில் பேச்சே கிடையாது.

3. நாளை முதல் தண்ணீர்க் கட்டங்களுக்கு ஊற்றுவது அப்பாவின் வேலை. அளவுக் கோடு போட்ட கேன் கொடுப்பேன். கோட்டுக்கு மேல் ஊற்றத்தான் பார்ப்பார். பக்கத்திலேயே நின்று சண்டை போடுவேன்.

4. மேகம் கறுத்ததும் லீவு போட்டுவிட்டுக் காட்டுக்கு. முதல் சொட்டு விழும்போது டப்பா மண்மேல் இருக்கும்.

5. வேப்பமரத்துக் கட்டத்தைச் சுற்றி வரப்பு, பக்கத்துக்கு ஒரு சொட்டு கசியக் கூடாது. ஆணி அங்கேயே இருக்கட்டும். அதில் அப்பா எவ்வளவு ஊற்றினாலும் அளக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

கூடப் பிறந்த குற்றத்துக்குப் புல்லுக்குக் காவல் இருக்கும் உன் தம்பி,
இசக்கி