படத்தில் இருந்தது என் கை இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன், உன் அம்மா தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு முதல் வரியிலேயே பொய்யா என்கிறாள். சரி, உண்மையையே எழுதுகிறேன், உட்கார்ந்து படி. நீ வாங்கி அனுப்பிய பிரஷர் மெஷினில் ஐந்து மாதமாகத் தினமும் காலையில் அளந்து உனக்குப் படம் அனுப்பினேனே, 120-க்கு 80, 118-க்கு 78 என்று, அது என் கை இல்லை. கீழ்க்கடை டெய்லர் தம்பியின் கை.

முதல் நாள் என் கையில் 170 காட்டியது. இதை அனுப்பினால் நீ அழுவாய், வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று பயந்து, ஒரே ஒரு நாளைக்கு என்று அவன் கையை இரவல் கேட்டேன். அவன் வேலை கெடுகிறதே என்று பதிலுக்கு நாலு சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தேன். நீயோ சூப்பர் அப்பா என்று பதில் போட்டாய். அப்புறம் எப்படி நிறுத்துவது? தினமும் அதைப் படித்துப் படித்து என் பிரஷர் இறங்கிவிட்டதாக எனக்கே நம்பிக்கை வந்து, மாத்திரையையும் விட்டுவிட்டேன். முப்பது வருஷம் கடை கடையாக ஏறிக் கள்ளத் தராசைப் பறிமுதல் செய்த ஆபீசர் நான், சிரிக்காதே.

போன செவ்வாய் டெய்லர் கையில் 186. எனக்கு வந்ததே கோபம், என் பேரைக் கெடுக்கவா பார்க்கிறாய் என்று அவனைத் திட்டினேன். மெஷின்தான் கெட்டுப்போச்சு சார் என்றான் பாவம். தராசில் சந்தேகம் வந்தால் வேறு எடைக்கல் வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் முறை, அங்கே வேறு கை என்றால் என் கை ஒன்றுதான். வைத்தேன். 204. கடையை அப்படியே போட்டுவிட்டு இருவரும் கிளினிக்குக் கிளம்பினோம். யாருக்குங்க பிரஷர் என்று டாக்டரம்மா கேட்டார், அவன் என்னைக் காட்டினான், நான் அவனைக் காட்டினேன். அவர் அளந்து பார்த்தால் இருவருக்கும்தான். எனக்குத் தலைகூடச் சுற்றவில்லையே என்றேன். அது சொல்லிக்கிட்டு வராதுங்க, ஒரு நாள் திடீர்னு வாய் கோணி கை கால் விழுந்துடும், அப்போ மகளுக்கு யார் கையை அனுப்புவீங்க என்றார். அங்கேயே அழுதுவிட்டேன் மகளே.

இப்போது அம்மா எதிரில் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். உப்பு டப்பா இருக்கும் இடம் எனக்குத் தெரியாது. சாயங்காலம் டெய்லரும் நானும் நடக்கிறோம். நீயும் ஒரு தடவை அளந்துகொள், உன் கையில். இனிமேல் வரும் படத்தில் முழங்கைத் தழும்பு தெரிகிறதா என்று பார், நீ சைக்கிள் பழகியபோது உன்னைப் பிடிக்க ஓடி விழுந்தது அது. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், முடிந்த மட்டும் நானும் கூட இருந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
164-க்கு 98, சொந்தக் கை