மேஜைக்கு அடியில் தெரிந்தது

ஜூன் 4

அன்பு மச்சானுக்கு,

நலம். உன் அக்காவும் நலம் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து ஸ்டூடியோவில் என் தப்பைக் கண்டுபிடிக்க ஆளில்லை. பக்கத்துக் கடைத் தையல்காரர், "உங்க மச்சான் இன்னும் சுவத்தத்தான் படம் எடுக்கறாரா?" என்று விசாரித்தார். உன்னை விட்டுக்கொடுப்பேனா? "ஆமா, இப்ப வேற ஊர்ச் சுவரு" என்றேன்.

ஃபிலிம் எவ்வளவு வெளிச்சம் தாங்கும் என்று சோதிக்க முழுச் சுருளையும் சுவருக்கே செலவழித்தவனைப் பைத்தியம் என்றேன். அது சரியா என்று இப்போது குழப்பம். ஆகவே ஒரு பந்தயம். உன் அக்காவை மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்து இரண்டு படம் எடுக்கிறேன். ஒன்று என் கண் சொன்ன வெளிச்சக் கணக்கில், மற்றது நீ சோதித்து வைத்த கணக்கில். உன்னுடையது நன்றாயிருந்தால் திரும்பி வா, சோதனையில் தலையிடமாட்டேன். என்னுடையது நன்றாயிருந்தாலும் வா; கொஞ்சம் கேலி செய்வேன்.

அன்புடன்,
அத்தான்

ஜூன் 9

அன்புள்ள அத்தானுக்கு,

இதென்ன பந்தயம், இரண்டு பக்கமும் உங்களுக்கே சாதகமாக? இங்கே ஃபிலிம் கழுவும் லேபில் என் வேலையை நிரந்தரமாக்குகிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் படங்களை அனுப்புங்கள். எது யாருடையது என்று பின்பக்கம் குறியுங்கள். மறப்பீர்கள், தெரியும்.

உங்கள்,
மச்சான்

ஜூன் 17

அன்பு மச்சானுக்கு,

மறந்துவிட்டேன்.

ஒன்று கொஞ்சம் கறுப்பு. உன் அக்கா முகம் மட்டும் எடுப்பாகத் தெரிகிறது. தையல்காரர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார். "இன்னொண்ணுல கண்ட சாமானும் தெரியுது" என்றார். மாடிவீட்டு டீச்சர் அந்த இன்னொன்றுதான் அழகு என்றார், மறுநாள் மாற்றிக்கொண்டார். எனக்குக் காலையில் இது பிடிக்கிறது, சாயங்காலம் அது. கறுப்பு என் கணக்கால் வந்ததா, பிரிண்ட் போடுகையில் நானே கறுக்க விட்டேனா? ஒன்றும் புரியவில்லை. நெகட்டிவோடு அனுப்பியிருக்கிறேன். நீயே சொல்.

அன்புடன்,
அத்தான்

ஜூன் 22

அத்தானுக்கு,

கறுப்புப் படம் உங்களுடையது. அதன் நெகட்டிவிலேயே மேஜைக்கு அடியில் ஒன்றும் பதியவில்லை, பிரிண்டில் இருட்டு. என் கணக்கில் எடுத்ததில் நிழலுக்குள் அக்காவின் வலது கால் தெரிகிறது. முட்டிவரை மாவுக்கட்டு.

எப்போது விழுந்தாள்? ஏன் ஒருவரும் சொல்லவில்லை? சோதனை ஜெயித்ததற்குச் சந்தோஷப்படுவதா, உங்களோடு சண்டை போடுவதா, தெரியவில்லை. லேபுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. லீவு கேட்டிருக்கிறேன்.

மச்சான்

ஜூன் 26

அன்பு மச்சானுக்கு,

முதலில் அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நீ போன பிறகு குளியலறையில் வழுக்கியது, பெரிதாக ஒன்றுமில்லை. தெரிந்தால் நல்ல வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று உன் அத்தானிடம் நான்தான் மறைக்கச் சொன்னேன். வராதே. லேபில் சரியென்று சொல்லிவிடு.

இனி நான். தினமும் பார்த்துப் பழகிய கால், மச்சான். படத்தில் இருந்தது என் கண்ணில் படவேயில்லை. "என்னக் காட்டிக்குடுக்கவா போட்டோ புடிச்சீங்க?" என்று இரண்டு நாளாக அர்ச்சனை நடக்கிறது. அவளுக்குக் கறுப்புப் படம்தான் பிடிக்கிறதாம். உண்மையைச் சொன்னால் எனக்கும். சோதனையால் படம் நன்றாகிறதா என்று கேட்டால் இன்னும் முழிக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துக்காட்டியபோது, "லீவு கேட்டிருக்கானா?" என்றாள். மறுபடி அந்த வரியைப் படிக்கச் சொன்னாள். காபி கொடுத்தபோது இன்னொரு தரம் கேட்டாள். பிறகுதான் வராதே என்று எழுதச் சொன்னாள்.

இது ஒன்றில்தான் எனக்குக் குழப்பமில்லை. எந்த வண்டி என்று எழுது, ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அன்புடன்,
அத்தான்