பெரிய வெள்ளியன்று அடித்த மணி

மார்ச் 28, காலை 6.40
சமிக்ஞை நிலையம் ஆறு, சிறுகோள் பட்டை

ஆன்டெனா சரி. காற்றழுத்தம் சரி. படுக்கை அறையில் அடையாளம் தெரியாத உறுமல் என்று நான் விடுத்த அவசர அறிவிப்பின் விசாரணை முடிந்தது. அது என் குறட்டை. பூமியில் ஒரு குழுவே உட்கார்ந்து கேட்டு உறுதி செய்திருக்கிறது. கட்டுப்பாட்டு மையத்து ஹேமலதா அனுப்பியது:

"இன்னாசி அண்ணே, அந்த மிருகம் நீங்கதான். எங்க டீம்ல ஒருத்தர் அதை ரிங்டோனா வச்சிருக்காரு."

பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் படித்தவனை வானத்துக்கு அனுப்பினால் இப்படித்தான்.

குறட்டையையும் சேகரிப்பில் சேர்த்துவிட்டேன். தனியாக இருப்பவனுக்குச் சத்தம் வேண்டும் என்று கம்பெனியே செய்த ஏற்பாடு இது. தூத்துக்குடியிலிருந்து என் மகள் ஷெர்லின் வாராவாரம் வீட்டுச் சத்தத்தைப் பதிந்து அனுப்புவாள். குக்கர், மிக்சி, தெருவில் மீன்காரர் ஹாரன். பதிலுக்கு நான் இங்குள்ளதை அனுப்புவேன். காற்றாடி, வால்வு, கக்கூஸ் உறிஞ்சுகிற சத்தம், குளிர்பெட்டியோடு நான் போடுகிற சண்டை. இதுவரை ஒரு சண்டையிலும் நான் ஜெயித்ததில்லை.

ஏப்ரல் 4, காலை 7.15

எல்லாம் வழக்கம்போல. ஷெர்லினின் பதிவு வந்தது.

"யப்பா, நாங்க நல்லா இருக்கோம். கவலைப்படாதீங்க. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கணும்னாலும் இருங்க."

ஜூனில் கப்பல் வருகிறது. அதில் ஏறி வீட்டுக்குப் போவதாக இருந்தேன். இந்தப் பிள்ளை இவ்வளவு லேசாகச் சொல்கிறது. கொஞ்சம் வலித்தது. இருந்தாலும் பணி நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடலாமா என்று யோசிக்கிறேன்.

ஏப்ரல் 11, காலை 7.20

பதிவு வந்தது. நேற்றைய தேதி. நேற்று பெரிய வெள்ளி. ஷெர்லின் பேசுகிறாள், பின்னால் மாதா கோயில் மணி அடிக்கிறது.

திரும்பக் கேட்டேன். மணிதான். கணீரென்று.

பெரிய வியாழன் பூசையோடு எங்கள் ஊரில் மணிக்கு வாய்ப்பூட்டு. ஆண்டவர் உயிர்க்கிற பாஸ்கா இரவில்தான் மறுபடி அடிப்பார்கள். நடுவில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். போதாததற்கு மீன்காரர் ஹாரன் வேறு. ஆண்டவர் இறந்த நாளில் எங்கள் பக்கம் எவன் கடலுக்குப் போனான், எவன் மீன் விற்கிறான்?

தேதி மாறியிருக்கும். மையத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 12, காலை 9.05

மையத்தின் பதில்: "பதிவுகளின் தரம் மேம்படுத்தப்பட்டுள்ளது. தங்கள் மனநலமே எங்கள் அக்கறை."

நான் தரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மணியைப் பற்றிக் கேட்டேன்.

பழைய பதிவுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டேன். ஜனவரியிலிருந்து எல்லாவற்றிலும் குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் என் வீட்டுக்காரி பிலோமினா தும்முகிறாள். அதே தும்மல். அதே இழுப்பு. முடிவில் அதே 'சேசுவே'. மூன்று மாதமாக ஒருத்தி ஒரே தும்மலைத் தும்மிக்கொண்டிருக்கிறாள், நானும் ஒவ்வொரு வாரமும் 'மருந்து சாப்பிடு புள்ளே' என்று பதில் அனுப்பியிருக்கிறேன். என்னைப்போல் ஒரு மடையன் இந்தச் சூரியனைச் சுற்றி வேறெங்கும் இருக்கமாட்டான்.

ஏப்ரல் 13, பகல் 2.30

ஹேமலதாவிடமிருந்து. சோதனை அலைவரிசையில் வந்தது.

"அண்ணே, இதை நான் அனுப்பக் கூடாது. ஜனவரியிலேர்ந்து உங்களுக்கு வர்றது மெஷின் செஞ்சது. உங்க வீட்டுக்குப் போறதும் அப்படித்தான். நீங்க அனுப்பின சத்தத்தை எல்லாம் வச்சு உங்க குரலைச் செஞ்சுட்டாங்க. ரெண்டு வருஷம் இருக்க ஆசைப்படுறேன்னு அந்தக் குரல் உங்க வீட்ல சொல்லிடுச்சு. உங்க பொண்ணு நிஜமா அனுப்பினது ஒண்ணு கைக்குக் கிடைச்சுது, இதோட வச்சிருக்கேன். உங்க பதிலை என்னால கொண்டுபோக முடியாது அண்ணே. அங்கேர்ந்து வர்றது எல்லாம் மெஷின் வழியாத்தான். மன்னிச்சுடுங்க."

ஜூனில் என் இடத்துக்கு வர மாற்றாள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அதனால் என்னையே இன்னொன்று செய்துகொண்டார்கள்.

ஏப்ரல் 13, மாலை 4.00

மைக்குகளைப் பிடுங்கினேன். சுவருக்குள் இருப்பதைப் பிடுங்க முடியவில்லை. ஸ்பேனரால் அடித்தேன். சுவர் அப்படியே இருக்கிறது, என் விரல் வீங்கிவிட்டது.

பாவிகளா. குளிர்பெட்டியைத் திட்டியதையும் எடுத்தீர்கள். ஜெபம் சொன்னதையும் எடுத்தீர்கள். ஒன்று விடாமல் பொறுக்கிப் பெயர் எழுதி அடுக்கி உங்கள் கையில் கொடுத்தவன் நான். குறட்டையைக்கூடக் கொடுத்தேன். என் தொண்டையை நானே அறுத்துத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறேன்.

இனிக் கணினியில் எழுதமாட்டேன். இது சாப்பாட்டு அட்டைப்பெட்டியின் பின்பக்கம், பென்சில். எடுப்பவர் யாரானாலும் தூத்துக்குடியில் ஷெர்லினிடம் சேர்த்துவிடுங்கள்.

ஏப்ரல் 14

ஹேமலதா அனுப்பிய ஷெர்லினின் பதிவை இன்றுதான் போட்டுக் கேட்டேன். அவளே. மணி இல்லை, ஹாரன் இல்லை. கரண்டு போய் யாரோ மின்வாரியத்தைத் திட்டுகிறார்கள். ஆனந்தமாக இருந்தது.

"யப்பா, வாரவாரம் பேசுதியதான். ஆனா ஒருநாளும் ஏச மாட்டேங்கிய. அம்மா என்ன சொன்னாலும் சிரிக்கிய. நீங்க இம்புட்டு நல்லவரு கெடையாதே! அதான் கேக்கேன். ஏவுதளத்துல கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்னு என்னப் பாத்து வாய அசச்சியல்லா? சத்தம் கேக்கல, எனக்கு மட்டும் புரிஞ்சிச்சு. அது என்னன்னு சொல்லுங்க. சரியாச் சொன்னா நீங்க இருக்கணும்னு சொன்னதையும் நம்புதேன். தப்பாச் சொன்னா அம்மாவக் கூட்டிக்கிட்டு கம்பெனி வாசல்ல போயி உக்காந்துருவேன். உங்கள எறக்குத வரைக்கும் எந்திரிக்க மாட்டோம்."

என் மகள்.

ஏப்ரல் 15

ஹேமலதாவைக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வேறு ஒருவன் குரல் வந்தது. ஹேமலதா விடுப்பில் இருக்கிறாராம். அப்புறம் ரொம்பப் பணிவாக:

"இன்னாசி சார், உங்க மகள் ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. பதிலைச் சொல்லிடுங்க. நாங்க கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்."

சேர்ப்பீர்கள். அந்த ஒரு வரியை உங்கள் பொம்மையின் வாயில் தைப்பீர்கள். அவளும் நம்பிவிடுவாள். பிறகு நான் இங்கேயே கிடந்து செத்தாலும் வாராவாரம் அப்பா சிரிப்பார்.

சொல்லமாட்டேன்.

மறுபடி

நச்சரிக்கிறான். "வீட்ல கவலைப்படுறாங்க சார்." ஜூன் கப்பலை நிறுத்திவிடுவோம் என்கிறான். சாப்பாட்டுக் கப்பலும் தாமதமாகலாமாம். சுவரில் சிவப்பு விளக்கு எரிகிறது. கேட்டுக்கொண்டிருக்கிறது.

தூங்கப் பயம், உளறிவிடுவேனோ என்று. வாயில் டேப் ஒட்டியிருக்கிறேன். மீசையோடு ஒட்டிவிட்டேன், கழற்றும்போது தெரியும்.

மறுபடி

காற்றாடி நின்றுவிட்டது. நிறுத்தினார்களா, தானாக நின்றதா, தெரியவில்லை. இவ்வளவு அமைதியை நான் கேட்டதேயில்லை. என் மூச்சு கேட்கிறது. அதையும் எடுப்பார்கள். எடுக்கட்டும்.

பொம்மை பதில் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் இருக்க அதற்குத் தெரியாது. 'சீக்கிரம் வந்துருவேன்' என்று சொல்லும். இல்லாவிட்டால் 'அம்மாவப் பாத்துக்கோ'. உலகத்து அப்பன்மார் எல்லாம் சொல்வதைச் சொல்லும். சொல்லு. நல்லா சொல்லு. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பட்டும்.

பென்சில் விரலில் நிற்கவில்லை. குளிர்

அன்றைக்கு ஏவுதளத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஊரே கைதட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அப்புறம் அவளை மட்டும் பார்த்து வாயசைத்தேன்.

பயமா இருக்கு மக்கா.