மார்பில் தைத்த பெயர்

பாகூர்
9.7.2025

அன்புள்ள சகாயராணிக்கு,

கஸ்தூரி எழுதுவது. போனில் பேசலாம் என்றால் நீங்களும் அழுகிறீர்கள், நானும் அழுகிறேன், பேச்சே நடப்பதில்லை. அதனால்தான் கடுதாசி.

உங்கள் அன்புராஜை அடக்கம் செய்து ஐந்து நாள் ஆகிறது. யார் யாரோடோ போடுகிற சண்டை. அதில் கப்பல் வேலைக்குப் போன பிள்ளைகள் மேல் குண்டு போடுகிறானே, அவன் நன்றாக இருப்பானா? பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கம்பெனி ஆள் சொன்னதும் அதன் மேல் விழுந்து கத்தினீர்களே. குழியில் நானும் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து, ஒரே கப்பலில் ஏறினார்கள். என் புகழ்வேந்தன் அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. நேற்று வீடியோவில் காட்டினார்கள். முகம் முழுக்கக் கட்டு, வாயில் குழாய். “புகழு, அம்மாடா” என்று கூப்பிட்டேன். விரல் அசைந்தது. “அசையவே இல்ல, இன்னா சொல்ற நீ” என்று வீட்டுக்காரர் அதட்டுகிறார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

கஸ்தூரி சிங்காரவேலு


பண்டசோழநல்லூர்
16.7.2025

அன்புள்ள கஸ்தூரி அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் ஆட்கள் யாரும் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் வந்தீர்கள். வெறுந்தரையில் உட்கார்ந்து என்னை மடியில் சாய்த்துக்கொண்டீர்கள். சாகிறவரை மறக்க மாட்டேன்.

பால்வாடி வேலை முடிந்ததும் நேரே கல்லறைக்குத்தான் போகிறேன். மண் இன்னும் அமுங்கவில்லை. மழை பெய்தால் கரையுமே என்று தம்பி டேனியலை விட்டு ஓரத்தில் செங்கல் அடுக்கச் சொன்னேன். அங்கே உட்கார்ந்து அவனைத் திட்டுகிறேன். “சண்ட நடக்குற கடலுக்கு போவாதடான்னு சொன்னேனே, கேட்டியா?” என்பேன். திட்டி முடித்தால் கொஞ்சம் மூச்சு வருகிறது.

என் பிள்ளைதான் போய்விட்டான். உங்கள் பிள்ளையாவது வீடு வந்து சேரட்டும். காலைப் பூசையில் புகழ்வேந்தன் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் சகாயராணி


27.7.2025

அக்கா,

இதை எப்படி எழுதுவேன்?

நேற்றுக் காலை புது நம்பரிலிருந்து போன். “யம்மா, நாந்தாம்மா” என்றது குரல். எவனோ விளையாடுகிறான் என்று கண்டபடி ஏசி வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. “அன்புராஜும்மா. அடுப்புல இன்னா வச்சிருக்க?” எப்போது கூப்பிட்டாலும் அவன் முதலில் கேட்பது அதைத்தான். என் பிள்ளையேதான்.

சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் இருக்கும். அப்படியானால் குழிக்குள் இருப்பது யார் என்று அப்புறம்தான் உறைத்தது. அலறிவிட்டேன் அக்கா.

கப்பலில் வேலைச் சட்டையின் மார்பில் பெயர் தைத்திருப்பார்களாம். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே அளவு. கொடியில் காய்வதில் கைக்கு எது வருகிறதோ அதை மாட்டிக்கொண்டு ஓடுவார்களாம். அன்றைக்கும் அப்படித்தான் மாறியிருக்கிறது. முகம் எரிந்துபோனதால் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். கண் விழித்த பிறகு அன்புராஜ் சொல்லித்தான் அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கம்பெனியிலிருந்து சாயங்காலமே உங்களுக்குச் சொல்லிவிட்டார்களாம். பதினான்கு தடவை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. வந்து காலில் விழட்டுமா? சொல்லுங்கள் அக்கா.

சகாயராணி


2.8.2025

சகாயராணிக்கு,

வர வேண்டாம். போன் செய்யவும் வேண்டாம். உங்கள் பையன் குரல் தப்பித்தவறிக்கூட என் காதில் விழக் கூடாது.

ஜுரம் இறங்கியதா, குழாயில் கஞ்சி உள்ளே போகிறதா என்று இத்தனை நாளாய் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களைக் குடைந்துகொண்டிருந்தேன். அத்தனையும் உங்கள் பிள்ளைக்கு. என் பிள்ளை உங்கள் ஊரில் வேறொருத்தன் பெயரோடு கிடக்கிறான். இது அடுக்குமா?

“நம்ம புள்ள போயும் போயும் அவங்க கல்லறையிலயா கெடக்கணும்?” என்று என் கொழுந்தன் அருள்முருகன் குதிக்கிறான். டி.என்.ஏ. பரிசோதனை முடிவு வந்ததும் தோண்டி எடுத்து வந்துவிடுவோம். கலியாணம் ஆகாதவனை நாங்களும் புதைக்கத்தான் செய்வோம், ஆனால் எங்கள் மண்ணில். அந்தச் சிலுவையை உடனே பிடுங்கிவிடுங்கள்.

கஸ்தூரி


5.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சிலுவையை அப்போதே எடுத்துவிட்டேன். பெயரில்லாமல் கிடக்க வேண்டாம் என்று டேனியல் ஒரு பலகையில் ‘புகழ்வேந்தன்’ என்று எழுதி நட்டிருக்கிறான். நீங்கள் திட்டியதில் எனக்குக் கோபமே இல்லை.

அன்புராஜ் சனிக்கிழமை வருகிறான். தெருப் பிள்ளைகள் பட்டாசு வாங்கி வைத்திருந்தார்கள். கொளுத்தினால் செருப்பு பிய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தோண்டுகிற அன்று நானும் ஓரமாக நிற்கட்டுமா? பெற்றது நீங்கள்தான். ஆனால் இருபத்திரண்டு நாள் என் மகன் என்று அழுதேனே, அது பொய்யில்லை. விஷயம் தெரிந்த பிறகும் சாயங்காலமானால் கால் அங்கேதான் போகிறது. கூடாது என்றால் வர மாட்டேன்.

சகாயராணி


பாகூர்
16.8.2025

தங்கச்சி ராணிக்கு,

உத்தரவு வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. தாசில்தார், போலீஸ், டாக்டர் எல்லாரும் இருப்பார்கள்.

உனக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. அடக்கத்தன்று உன்னை மடியில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தேனே, அப்போது எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? ‘தாயே, எம்புள்ளய வுட்டுட்டு இவ புள்ளய எடுத்துக்கினியே, உனக்கு பொங்க வைக்கிறேன்.’ மண்ணைப் போடும்போதும் அதையேதான் சொன்னேன். மறுநாளே போய்ப் பொங்கலும் வைத்தேன், ராணி. இனிப்பாக வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து எனக்கு அழுகையே வரவில்லை. வருகிறவர்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள், நான் மரம்போல உட்கார்ந்திருக்கிறேன். “வாய் வுட்டு அழுதுடு கஸ்தூரி” என்று அவர் கெஞ்சுகிறார். என்னைப் பார்த்தால் அவருக்கே பயமாக இருக்கிறதாம்.

நீ வரக் கூடாது என்று அருள்முருகன் சொன்னான். போடா என்றுவிட்டேன். அன்புராஜ் மட்டும் வேண்டாம். அவனைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நீ வா. ஓரமாக நிற்காதே, என் பக்கத்தில் நில்.

என் பிள்ளை மண்ணுக்குள் போன அன்று அவனைப் பெற்றவள் அழவில்லை. நீதான் அழுதாய். வெள்ளிக்கிழமையும் நீயே அழு.

கஸ்தூரி