தாத்தா என்ற ஒரு சொல்

2025 ஜூன் 2, திங்கள்

பீட அலுவலகத்து ஷிராஸ் மெயில் அனுப்பியிருக்கிறார். கலைப்பீட விரிவுரையாளர்களின் அண்மைய சாதனைகள், செய்திமடலுக்காக, வெள்ளிக்கிழமைக்கு முன் தமிழில் வேண்டுமாம். எங்கள் துறையில் எல்லோருக்கும் தமிழ் தெரியும். மொழிபெயர்க்க மட்டும் உஷாந்தி, அதாவது நான்.

மூன்றாவது சாதனையில் கை நின்றுவிட்டது. துறைத் தலைவர் பேராசிரியர் சிவபாதசுந்தரம், கொட்டாஞ்சேனை முஸ்லிம் குடும்பங்களின் வாய்மொழிக் கதைகள் பற்றிய ஆங்கில நூல், சிறந்த ஆய்வுக்கான பரிசு.

இந்த மனிதர் எப்போது கொட்டாஞ்சேனைக்குப் போனார்?

ஜூன் 3

நூலகத்தில் நின்றபடியே வாசித்தேன். நாலாம் அத்தியாயம் என்னுடையது. வரிக்கு வரி.

மூன்று வருடத்துக்கு முன் ஆங்கிலத்தில் எழுதி அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன், ஒருக்கால் பாருங்கோ சேர் என்று. இரண்டு வாரத்தில் திருப்பித் தந்தார். "இன்னும் பழுக்கேல்லை, பிள்ளை." பழுக்காததைத்தான் முழுதாகத் தின்றிருக்கிறார்.

ஜூன் 4

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், தமிழில் இப்படி வரும்: "தையற்காரரான தாத்தா, மறுமணம் செய்யாமல், பேரப்பிள்ளைகளை வளர்த்தார்." அதன் மேல் மூன்று பக்கத்துக்கு ஆண் தலைமை பற்றிய தத்துவம் வேறு. அது மட்டும் அவர் சொந்தச் சரக்கு.

அப்படி ஒரு கிழவர் உலகத்திலேயே இல்லை. அவரை உண்டாக்கியது நான்.

கொட்டாஞ்சேனையில் நான் நேர்காணல் எடுத்த நளீபா சொன்னது இது: "தாத்தா தான் மிஸ் எங்கள வளத்த. மெஷின்லயே கெடந்து வளத்த. கலியாணமும் முடிக்கல்ல." எங்கட பேச்சென்றால் 'வளர்த்தவ' என்று கடைசி எழுத்தே பெண் என்று சொல்லியிருக்கும். அவர்கள் பேச்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 'வளத்த'. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் தாத்தா என்றால் கிழவர் என்று நினைத்து ஆங்கிலத்தில் அப்படியே எழுதி, மறுமணத்தையும் சேர்த்துவிட்டேன். திருப்பிக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? எல்லாம் தெரியும் என்ற கொழுப்பு.

சேர் அச்சுப்பிரதியைத் திருப்பித் தந்த பிறகுதான் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். நளீபா உள்ளே பார்த்து, "தாத்தா, மிஸ் வந்தீக்கி" என்றார். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் வெளியே வந்தார். றலியா. நளீபாவின் மூத்த சகோதரி. அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

ஜூன் 5

அச்சுப்பிரதியில் திகதி இல்லை, கோப்பு பழைய கணினியோடு போயிற்று; என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பிழைதான். அத்தியாயம் என்னுடையது என்று காட்ட, தாத்தா என்ற சொல்லே தெரியாமல் ஆய்வுக்குப் போனேன் என்று பீடம் முழுக்கச் சொல்ல வேண்டும். அதுவும் சிரேஷ்ட விரிவுரையாளர் நேர்முகம் அடுத்த மாதம் இருக்கும்போது.

பேசாமல் இருந்தால் பதவி வரும். அதைப் போடுகிறவரும் சேர்தான்.

ஜூன் 8, ஞாயிறு

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் என்று பார்க்காமல் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். றலியா தாத்தா காலமாகி ஒரு வருடமாம். எனக்குத் தெரியாது. மெஷினுக்கு மேல் துணி போட்டு மூடியிருந்தது.

புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று நளீபாவுக்குச் சொன்னேன். மெஷின் துணியை இழுத்து நேராக்கிக்கொண்டே கேட்டார்:

"தாடி வச்சும் எழுதீக்கா?"

பிறகு சொன்னார்: "மூணு மாப்பிள எடம் கேட்டு வந்த. மூணையும் எங்களுக்காக வாணாம்னு சொன்ன. கெழவன் சொன்னதா போட்டா, அந்த வாணாமுக்கு என்ன பெறுமதி, மிஸ்?"

திருடினது அவர், முதலில் பிழையாக எழுதினது நான் என்றேன். பெருநாள் வட்டிலாப்பத் தட்டை என் பக்கம் தள்ளினார். "அப்ப மிஸ்ஸே சரியாக்குங்க."

ஜூன் 10

போசன் போயா விடுமுறை. கம்பஸ் பூட்டு. கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

ஜூன் 11

பீடாதிபதியிடம் கொடுத்துவிட்டேன். "நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சொல்லின் பிழை என்னுடையது. ஆகவே அத்தியாயமும் என்னுடையது." அவ்வளவுதான் கடிதம், எந்தச் சொல் என்று சொல்லவில்லை.

பத்து நிமிடத்தில் சேர் கூப்பிட்டார்.

"ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு ஆட்டம் ஆடுறீர்? அந்த நேர்காணலை நானும் எடுத்தனான்."

"அந்தத் தாத்தாவின்ட பேர் என்ன, சேர்?"

"வயது போன மனுசன். பேரெல்லாம் ஆருக்கு ஞாபகம்?"

கதவு திறந்திருந்தது. வெளியே ஷிராஸ் கோப்போடு நின்றார். அவர் வீட்டிலும் மூத்த சகோதரி தாத்தாதான். முகத்தைப் பார்த்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கிழவரை முதலில் உண்டாக்கியது நான்தானே.

ஜூலை 15

நேர்முகம் திகதி குறிப்பிடாமல் பிற்போடப்பட்டது. காரணம் எழுதவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

விசாரணை முடிந்தது. ஷிராஸ் கதவடியில் கேட்டதைச் சொல்லியிருக்கிறார். சேரிடம் ஒலிப்பதிவு இல்லை, வீடு எந்த ஒழுங்கையில் என்றும் தெரியவில்லை. அத்தியாயம் என்னுடையது என்று ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் திருத்தம் செய்திமடலின் தமிழ்ப் பக்கத்தில் மட்டும் வருமாம். பிழை தமிழ்ச் சொல்லில்தானே என்கிறார் பீடாதிபதி. அப்போ தமிழில் மட்டும் நான் ஆசிரியை, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அவர் பரிசு பெற்ற அறிஞர்! அந்தத் திருத்தத்தையும் நானே மொழிபெயர்த்துத் தர வேண்டுமாம். இவங்களுக்கு வெக்கமே இல்லையா?

செப்டம்பர் 2

தமிழ்ப் பக்கத்தை நான் இன்னும் மொழிபெயர்த்துக் கொடுக்கவில்லை. ஷிராஸ் போன் எடுத்தார். தமிழ்ப் பக்கம் இல்லாமல் மடலை அச்சுக்கு அனுப்ப ஏலாது, மூன்று மொழியிலும் வர வேண்டும் என்பது விதி.

"திருத்தமும் மூன்றிலயும் வரட்டும். இல்லாட்டி மடல் நிக்கட்டும்" என்றேன்.

செப்டம்பர் 9

நிற்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

வந்துவிட்டது. மூன்று மொழியிலும், என் பெயரோடும் றலியாவின் பெயரோடும். முதல் பிரதியை ஷிராஸின் வீட்டில் வாங்கிக்கொண்டு நேராகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

நளீபா தமிழ்ப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். அவருடைய மகள் நுஹா படித்தது சிங்களத்தில். அவள் மற்றப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "உம்மா, இதில பெரியம்மா வாப்பாவா ஈக்கிற" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். யாரோ தாத்தா என்பதை அப்படியே சிங்கள எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். கிழவராக இருந்தவரை இப்போது தகப்பனாக்கியாயிற்று.

நளீபா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேனையை எடுத்து அந்தச் சொல்லை வெட்டி, மேலே அக்கா என்று சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் மெஷின் லாச்சியை இழுத்துத் திறந்து அதை உள்ளே வைத்தார்.

பஸ்ஸிலிருந்து ஷிராஸுக்குப் போன் எடுத்தேன். மிச்சப் பிரதிகள் இன்னும் கட்டுப் பிரிக்காமல் அலுவலகத்தில் கிடக்கின்றனவாம். முந்நூறு. வெள்ளவத்தையில் இறங்கி இரண்டு பேனை வாங்கினேன். நாளை எட்டு மணிக்கு அலுவலகம் திறக்கும்.